தூணை எங்கே ஊன்றுவது?

கேள்வி: ரோலர் கோஸ்டர் வடிவமைக்கும் கணினி மென்பொருளான நோலிமிட்ஸ் 2இல் ஒன்று செய்திருக்கிறேன். ஓட்டம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் தூண்களை வைத்ததும் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிகிறது. 10 மீற்றருக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே தடிப்பில் வைத்தேன். என்ன குறை?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்தச் சம இடைவெளிதான் குறை. கணினியில் தூண் சரியப்போவதில்லை, அதனால் கண்ணுக்கு அழகாக வைத்துவிடுகிறோம்; நிஜத்தில் ரயில் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அங்கேதான் இரும்பு போகும். ஆகவே முதலில் ரயிலை ஓடவிட்டு, திரையில் காட்டும் ஜி அளவை (சாதாரண எடையைப்போல எத்தனை மடங்கு விசை என்பதை) பாதை நெடுகக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடியில் 4 ஜி வந்தால் 10 தொன் ரயில் 40 தொன் போல அழுத்தும், அங்கே தூண்கள் நெருக்கமாக, தடிப்பாக இருக்கவேண்டும். ஆளை இருக்கையிலிருந்து தூக்கும் மேட்டு உச்சியில் அவ்வளவு தேவையில்லை.

நிறையப் பேர் கோட்டைவிடுவது வளைவில். கொழும்பு - காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் திருப்பத்தில் உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறதல்லவா, ரயிலும் பாதையை அப்படித்தான் தள்ளும். விநாடிக்கு 20 மீற்றர் வேகத்தில் 20 மீற்றர் ஆரையுள்ள வளைவை எடுத்தால் கிடையாக மட்டுமே ஏறக்குறைய 2 ஜி, வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. நேராக நட்ட ஒற்றைத் தூண் இதற்குக் காணாது, வெளிப்பக்கம் ஒரு சாய்வுக் கால் கொடுங்கள். பிரேக் பிடிக்கும் இடத்தில் அதே சாய்வுக் கால் பாதையின் நீளவாக்கில் வேண்டும், ஏனென்றால் நிற்கிற ரயில் பாதையையும் முன்னுக்கு இழுக்கும்.

உயரம் கூடினால் தடிப்பும் கூடட்டும். மெல்லிய குழாயின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், நெளியாமல் அது தாங்கும் சுமை கால்வாசியாகிவிடும்.

அப்புறம், அடி. புல்லுக்குள் குழாயைச் செருகி விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பொய்யாகத்தான் தெரியும். கொழும்பில் இரும்புத் தூண் நிறுத்திக் கட்டும் ஏதாவது கட்டடத்தின் பக்கம் போனால் தூணின் அடியைக் கவனியுங்கள்: நிலத்துக்குச் சற்று மேலே தலைகாட்டும் கொங்கிறீட், அதன்மேல் தடித்த தகடு, சுற்றிவர போல்ட், தூணையும் தகட்டையும் சேர்த்து வெல்டு செய்த முக்கோணத் துண்டுகள். இதை அப்படியே செய்யுங்கள். நீண்ட குழாயையும் ஒரே துண்டாக விடாமல், லொறியில் ஏற்றக்கூடிய நீளத்துக்குப் பிரித்து மூட்டில் போல்ட் போட்ட வட்டத் தகடு வையுங்கள்.

ரயிலில் இருப்பவர் கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் எந்தத் தூணும் வரக்கூடாது. மேல் பாதையின் கால் கீழ்ப் பாதைக்குள் இறங்குகிறதென்றால், கீழ்ப் பாதையைத் தாண்டி ஒரு சட்டம் போட்டு இரண்டு பக்கமும் கால் இறக்குங்கள்.