முதலில் கூடாரம், அப்புறம் கொட்டகை

கேள்வி: வயது 34. கோவையில் ஐ.டி. வேலை. தாத்தா விட்டுப்போன பழைய பஞ்சு குடோன் ஒன்று இருக்கிறது, கையில் 40 லட்சம் சேமிப்பும் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, குடோனை 80 இருக்கைத் தியேட்டராக்கி, உலக சினிமாவும் மாற்றுப் படங்களும் மட்டும் ஓட்ட ஆசை. அப்பாவோ கல்யாண மண்டபமாக்கு என்கிறார். ஊரில் எல்லோரையும் தெரிந்தவர். அவரை மீறவும் மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நல்ல ஆசை. ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள். குடோனிலும் கை வைக்காதீர்கள்.

உங்கள் ஊர் வெரைட்டி ஹால் ரோட்டில் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய தியேட்டரின் பெயர்தான் அது. திருச்சியில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் துண்டுப் படங்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். ஒன்பது வருஷம் கழித்துத்தான் கட்டடம். நியூயார்க்கின் ஃபிலிம் ஃபோரம் என்ற மாற்று சினிமா தியேட்டர் 1970இல் தொடங்கியபோது 50 மடக்கு நாற்காலிகள், ஒரு புரொஜெக்டர், அவ்வளவுதான். இன்றைக்கு நான்கு திரை.

உங்களிடம் இடம் இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. இல்லாதது, மாதாமாதம் தவறாமல் வரும் இருநூறு பேர். அவர்களைத் தேடுவதுதான் முதல் வேலை. ஒரு திரைப்படக் கழகம் (ஃபிலிம் சொசைட்டி) பதிவு செய்து, ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பில் சேருங்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டும்போது சென்சார் விலக்குக்கு வழி உண்டு. தியேட்டரில் டிக்கெட் விற்று ஓட்டினால் வெளிநாட்டுப் படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். கோவையில் கோணங்கள் கழகம் பல வருஷம் ஞாயிறு மாலைகளில் படம் காட்டியிருக்கிறது. அதில் இருந்தவர்களைப் போய்ப் பாருங்கள்.

கிழமையை முடிவு செய்தால் அதை மாற்றவே கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் கழகத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் திரையிடுவோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுவோம், ஃபேன் சத்தத்தில் வசனம் கேட்காது என்று படம் தொடங்கியதும் பாதி ஃபேனை நிறுத்துவோம். படத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஜெராக்ஸ் போட்டு, வாசலில் கொடுப்போம். தையல்காரர் ஒருவர் அந்தத் தாள்களை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஆங்கில சப்டைட்டில் அவருக்கு ஓடாது, அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் முழுப் படத்தையும் பார்ப்பார். அறுபது பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு முகூர்த்த சீசனில் ஹாலைக் கல்யாணத்துக்கு விட்டுவிட்டார்கள், தொடர்ந்து மூன்று காட்சி நின்றுபோனது. திரும்பத் தொடங்கியபோது இருபது பேர்கூட இல்லை. தையல்காரரும் வரவில்லை. அந்த அறுபதைத் திரும்ப எட்ட எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

இப்போது கணக்குக்கு வருவோம். காட்சிக்கு 25 பேர், டிக்கெட் 150 ரூபாய், நாளுக்கு இரண்டு காட்சி என்றால் 7,500. ஜி.எஸ்.டி., உள்ளாட்சி கேளிக்கை வரி (பிற மொழிப் படத்துக்கு இது கூடுதல்), படத்துக்காரரின் பங்கு எல்லாம் போனால் மூவாயிரம் மிஞ்சினால் பெரிது. அதில்தான் ஆபரேட்டர் சம்பளமும் ஏசி கரண்டு பில்லும். சிங்கப்பூரில் பழைய கோல்டன் தியேட்டரில் 2014இல் தொடங்கிய ‘தி புரொஜெக்டர்’ என்ற மாற்று சினிமா அரங்கின் மீது அந்த ஊர் உயிரையே வைத்திருந்தது. செலவு ஏறி, ஆட்கள் தியேட்டருக்கு வரும் பழக்கம் மாறியதில், 2025 ஆகஸ்டில் அதை மூடிவிட்டார்கள். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

உரிமம் தனி வேலை. கட்டும் முன்பே தடையில்லாச் சான்று, பிறகு தீயணைப்பு, பொதுப்பணி, மின் ஆய்வு என்று ஒவ்வொன்றாக முடித்து, கலெக்டரிடம் தியேட்டர் நடத்துவதற்கான சி படிவ உரிமம். படம் டிசிபி என்ற, தியேட்டருக்கான டிஜிட்டல் கோப்பாகப் பூட்டி வரும். அதைத் திறக்கும் சாவி உங்கள் சர்வருக்கும் குறித்த தேதிகளுக்கும் மட்டுமே செல்லும், அதனால் வீட்டு புரொஜெக்டர் உதவாது. ஓடிடி சந்தாவைப் பொதுவில் காட்டும் உரிமை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு வருஷம் கழகம் நடத்துங்கள். இரண்டு லட்சத்துக்குள் முடியும். இருநூறு பேர் சந்தா கட்டி நின்றால், குடோனை அளக்க ஆள் கூப்பிடலாம்.

அப்புறம் அப்பா. அவரோடு வாதாட வேண்டாம். முதல் காட்சிக்கு அழைத்துப்போய், வாசலில் ஒரு நாற்காலி போட்டு, உறுப்பினர் நோட்டை அவர் கையில் கொடுங்கள். ஊரில் எல்லோரையும் தெரிந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.