அமெரிக்க அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள் தொடக்கத்தில் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தினவா?

இல்லை. குடிமக்களின் அடிப்படை உரிமைகளைக் காக்க 1791இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தங்கள் மத்திய அரசின் கையை மட்டுமே கட்டின. இதை உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்தது 1833இல், பாரன் எதிர் பால்டிமோர் வழக்கில். சட்டம் படித்த நாளிலிருந்து என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கும் வழக்கு இது.

மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் துறைமுகத்தில் ஜான் பாரனும் அவருடைய கூட்டாளியும் சரக்குத்துறை ஒன்றை வைத்திருந்தார்கள். தண்ணீர் ஆழமாக இருந்ததால் பெரிய கப்பல்கள் அதை ஒட்டி நிற்க முடிந்தது. வருமானமும் நன்றாக இருந்தது. நகர நிர்வாகம் தெருக்களை அமைக்கும் பணியில் ஓடைகளைத் திசைதிருப்பியபோது, அவை அடித்து வந்த மண்ணும் மணலும் அந்தத் துறையின் முன்னால் படிந்து, கப்பல்கள் அண்ட முடியாத அளவுக்கு அவ்விடத்தைத் தூர்த்துவிட்டன. நிலத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால் கப்பல் வராத துறையால் என்ன பயன்? கீழ் நீதிமன்றம் 4,500 டாலர் இழப்பீடு வழங்கியது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

பொதுப் பயன்பாட்டுக்காகத் தனியார் சொத்தை உரிய இழப்பீடின்றி எடுக்கக் கூடாது என்னும் ஐந்தாம் திருத்தத்தை நம்பிப் பாரன் உச்ச நீதிமன்றம் சென்றார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அரசமைப்பின் வாசகத்தையே எடுத்துக் காட்டினார்: முதல் பிரிவின் பத்தாம் உட்பிரிவில் மாநிலங்களைத் தடுக்க விரும்பியவர்கள் ‘எந்த மாநிலமும்’ என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள், திருத்தங்களில் அப்படி எழுதவில்லை, ஆகவே அவை மாநிலங்களுக்குப் பொருந்தா.

வாசகத்தின்படி மார்ஷல் கூறியது சரி என்றே கருதுகிறேன். என் மனக்குறை, 1789இல் இத்திருத்தங்களை விவாதித்த நாடாளுமன்ற மேலவையான செனட் மீதுதான். மனச்சாட்சி உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், குற்ற வழக்குகளில் ஜூரி விசாரணை ஆகியவற்றை மாநிலங்களும் மீறலாகாது என்று, திருத்தங்களைக் கொண்டுவந்த ஜேம்ஸ் மேடிசன் முன்மொழிந்ததைப் பிரதிநிதிகள் சபை ஏற்றபோதும், செனட் நிராகரித்தது. அதில் சொத்துரிமை இல்லை என்பதால் பாரனுக்கு அது உதவியிருக்காது. ஆனால் சொந்த மாநில அரசிடமிருந்தும் குடிமகனுக்குக் காப்பு வேண்டும் என்ற எண்ணமே அன்று கைவிடப்பட்டது.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல், பதினான்காம் திருத்தம் ‘எந்த மாநிலமும்’ என்ற அதே சொற்களோடு வந்தது. அதன் வழியாக மாநிலங்களும் இழப்பீடு தரக் கடமைப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது 1897இல், சிகாகோ நகரத்துக்கு எதிராக ஒரு ரயில்வே நிறுவனம் செய்த மேல்முறையீட்டில்.