அம்மாவுக்கு வீட்டிலேயே சுகர் பார்க்கப் பழக்குவது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவை வீட்டிலேயே சுகர் பார்த்து எழுதி வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் வாங்கிக் கொடுத்த சுகர் பார்க்கும் மிஷின் (குளுக்கோமீட்டர்) பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. குத்திக்கொள்ளப் பயம். லேபில் ஒரு நம்பர், மிஷினில் வேறு நம்பர் வந்ததால் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. இதுதானே உங்கள் கேள்வி? சாப்பிடுவது மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தகவல் மிக முக்கியமானது. பிறகு அதற்கு வருகிறேன்.

எனக்கும் சர்க்கரை இருக்கிறது. வலங்கைமான் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அப்பாவுக்கும் இருக்கிறது, அவர் சாப்பிடுவதும் இதே வகை மாத்திரைதான். அவருக்குப் பழக்கிய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பயம். விரல் நுனியின் நடுச்சதையில் குத்தினால் வலிக்கும், நரம்பு முனைகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. நக ஓரத்துக்கும் அந்த நடுச்சதைக்கும் இடைப்பட்ட பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேண்டாம், நாள் முழுக்க வேலை செய்யும் விரல்கள் அவை. மற்ற மூன்றையும் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மிஷினோடு வரும், விரலில் குத்தும் பேனாவில் ஆழத்தைக் கூட்டிக் குறைக்க எண்கள் இருக்கும். குறைந்த எண்ணில் தொடங்கி, ரத்தம் வராவிட்டால் ஒன்று ஏற்றலாம். என் அப்பாவுக்கு மண்வெட்டி பிடித்துக் காப்புக் காய்த்த கை, அவருக்குக் கொஞ்சம் ஆழமாகத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அவ்வளவு தேவைப்படாது.

ஊசியை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். "ஒரு ஊசியில பத்து நாள் ஓட்டலாம்" என்று பலரும் சொல்வார்கள். மழுங்கிய ஊசிதான் அதிகம் வலிக்கிறது, பயம் விடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணமே அதுதான். ஒருவர் ஊசியையும் பேனாவையும் இன்னொருவர் தொடவே கூடாது. பக்கத்து வீட்டு அக்கா வந்து "எனக்கும் ஒரு தடவை பாரேன்" என்று கேட்டால் அம்மாவால் மறுக்க முடியாது. ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் இந்த வழியில் பரவும் என்பதை அவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

பட்டனை அவரே அழுத்தட்டும். நாம் குத்திவிட்டால், எப்போது குத்து விழும் என்று காத்திருக்கும் அந்த நொடிதான் அவர்களுக்குப் பெரிய பயம். அப்பா தன் கையாலேயே அழுத்தத் தொடங்கிய பிறகு அந்தப் பதற்றம் போய்விட்டது. முதல் தடவை அவர் கண் முன்னால் உங்கள் விரலில் நீங்கள் ஒரு புது ஊசியால் குத்திக் காட்டுங்கள்.

குத்துவதற்கு முன் கை கழுவுவது கட்டாயம். வாழைப்பழம் உரித்த விரல், வெல்லம் உடைத்த விரல், மாம்பழம் நறுக்கிய விரல் எல்லாமே பொய் நம்பர் காட்டும். முந்தானையில் துடைத்தால் போதாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் பழச்சர்க்கரை முழுதாகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட வேண்டும், ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் ரத்தம் தானாக இறங்கி வரும். விரலைப் பிழிந்து பிழிந்து எடுக்கக் கூடாது. வயலில் இருக்கும்போது கழுவ வழியில்லை என்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பார்க்கலாம்.

ரத்தத்தை உறிஞ்சும் சிறு பட்டையான ஸ்ட்ரிப்பை மிஷினில் செருகி, சொட்டு அடையாளம் வந்த பிறகு அதன் விளிம்பை ரத்தத்தில் தொட்டால் போதும், தானே உறிஞ்சிக்கொள்ளும். மேலே இருந்து சொட்ட விடுவதோ தடவுவதோ வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரிப்புக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் உப்பு ஜாடியே கசியும் வீடுகளில், ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஒன்றை எடுத்த உடனே மூடிவிட வேண்டும். உள்ளே ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் பொருளை எடுத்து எறியக் கூடாது. கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டியில் வைக்கக் கூடாது, அடுப்படி அலமாரியும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். எத்தனை டிகிரி வரை தாங்கும், திறந்த பிறகு எத்தனை மாதம் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். திறந்த தேதியைப் பேனாவால் அதன் மேல் எழுதிவிடுங்கள். மிஷினைவிட ஸ்ட்ரிப்தான் செலவு. விலை மலிகிறதே என்று பெரிய பெட்டியாக வாங்கி, கெடு தாண்டிய பிறகு பாதியைத் தூக்கிப்போடுவதைவிடச் சிறிய டப்பாவாக வாங்குவது நல்லது.

லேப் நம்பரும் மிஷின் நம்பரும் ஒன்றாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. இந்த மிஷின்களுக்கென்று 2013-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது நூறு முடிவுகளில் 95 லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் மிஷின் சரி. அதாவது லேபில் 200 என்றால் மிஷினில் 170-உம் வரலாம், 230-உம் வரலாம். போதாததற்கு லேபில் எடுப்பது கையின் ரத்தக்குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுக்கும் ரத்தம், நாம் எடுப்பது விரல் நுனி ரத்தம். சாப்பிட்ட பிறகு விரல் நுனியில் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தாலும் மிஷின் கூட்டிக் காட்டக்கூடும், அதை டாக்டரிடம் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுத்த அதே சில நிமிடத்துக்குள் மிஷினிலும் பாருங்கள். காலையில் லேப், மத்தியானம் மிஷின் என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். தனியாக நிற்கும் நம்பரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "இன்னிக்கு 190" என்றால், எப்போது 190, என்ன சாப்பிட்டு 190 என்று தெரியாமல் டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது. வெறும் வயிற்று அளவை மட்டும் தினமும் பார்த்து ஸ்ட்ரிப்பைத் தீர்ப்பதைவிட, ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று ஜோடியாகப் பாருங்கள். முன்னால் 118, பின்னால் 212 என்று வைத்துக்கொள்வோம். அந்த 94 அந்தச் சாப்பாட்டின் கணக்கு. மறுநாள் அதே குழம்பு, அதே பொரியல், சோற்றை மட்டும் ஒரு கரண்டி குறைத்து, காயை ஒரு கரண்டி கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை அம்மா தன் கண்ணாலேயே பார்ப்பார். "சோத்தைக் குறைங்க" என்று நாம் வருஷக்கணக்கில் சொல்லி நடக்காதது அப்போது நடக்கும். நெல் விளையும் ஊரில், மூன்று வேளையும் அரிசியாகவே இருக்கும் வீட்டில், வெளியாள் சொல்லி யாரும் சோற்றைக் குறைக்க மாட்டார்கள்.

நாட்டுச் சர்க்கரை ஏறாது, கருப்பட்டி ஏறாது, மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் சுகரே வராது என்றெல்லாம் ஊரில் சொல்கிறார்கள். பாரம்பரிய நெல்லை நான் மதிக்கிறேன், தீட்டாத அரிசியில் நார்ச்சத்தும் அதிகம்தான். ஆனாலும் அதுவும் மாவுச்சத்து, அளவு மீறினால் ஏறும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். யாரோடும் வாதம் பண்ண வேண்டாம், ஜோடியாகப் பார்த்தால் தெரிந்துவிடும். பழையசோற்றில் அப்பாவுக்கு இட்லியைவிடக் குறைவாகத்தான் ஏறுகிறது. எனக்கு அப்படி இல்லை. ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் அவரவர் விரலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது பெரும்பாலானவர்களுக்கு வைக்கும் இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர்கள் இதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அம்மாவுக்கு எவ்வளவு என்று டாக்டர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "ராத்திரி ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன், காலையில 160 காட்டுதே" என்று அம்மா கலங்கக்கூடும். விடியற்காலையில் ஈரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் விடும். அது அவர் பத்தியம் மீறியதால் வந்த நம்பர் என்று எண்ண வேண்டாம்.

இப்போது கிளிமெபிரைடு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமெபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். சம்பா நடவு சமயத்தில் காலையில் மாத்திரையும் காபியும் மட்டும் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்களுக்குப் பதினொரு மணிவாக்கில் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். வெயில் என்று நினைத்துக் கரையில் உட்காருவார்கள். அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். அம்மா வயலுக்குப் போகாவிட்டாலும் அமாவாசை இருக்கிறது, சஷ்டி இருக்கிறது, ஏகாதசி இருக்கிறது. படையல் போட்டுக் காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று மத்தியானம் வரை பட்டினி கிடக்கும் நாளில் காலை மாத்திரையை என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விரதத்தை விடச் சொல்லிப் பயனில்லை, மாத்திரை நேரத்தை மாற்ற டாக்டருக்கு வழி தெரியும்.

உடம்பு படபடத்தால் அப்போதே பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடிக்கணும். லட்டோ சாக்லேட்டோ வேண்டாம், கொழுப்பு சேர்ந்தால் ஏற நேரமாகும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். மிஷின் கையில் இல்லை என்றால் பார்க்கக் காத்திருக்காமல் குடித்துவிடலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைப் பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

எழுதி வைக்கப் புது நோட்டு எதுவும் வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் கட்டத்திலேயே எழுதட்டும்: நேரம், நம்பர், என்ன சாப்பிட்டார், மாத்திரை போட்டாரா. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து கிராமங்களில் தன்னார்வலர் அக்காக்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்த அளவையும் அதே கட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை வீட்டு மிஷின் இருக்கிறதென்று விட்டுவிட வேண்டாம், அது காட்டுவது வேறு, இது காட்டுவது வேறு.

நீங்கள் போனில் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். "எவ்வளவும்மா வந்துச்சு?" என்று முதல் கேள்வியாகக் கேட்டு, கூடுதலாக இருந்தால் திட்டினால், முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து காலையில் நல்ல நம்பர் எடுத்துச் சொல்வார்கள். இப்படிச் செய்கிற பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கிளிமெபிரைடு சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து. என்ன சமையல், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க என்று கேளுங்கள், நம்பர் தானாக வரும். 220 என்றாலும் "சரிம்மா, எழுதி வைங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

குத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். எருக்குழியில் போட்டால் வயலுக்குப் போய் யார் வெறுங்காலிலாவது ஏறும்.

முதல் வாரம் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், அதுவும் ஒன்றுவிட்டு ஒருநாள் பார்த்தால் போதும். அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாடு, அதற்கடுத்து ராத்திரி. இடையில் 70-க்குக் கீழே போனாலோ, 300-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினாலோ, காய்ச்சல், வாந்தியோடு சர்க்கரை ஏறினாலோ அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். தேதிக்குப் போகும்போது காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தனுப்புங்கள், மிஷினும் கூடப் போகட்டும்.