டெல்லி சுற்றிப் பார்க்க மொத்த பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட்டே போதுமா?

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பல இடங்களுக்கும் சேர்த்து ஒரேயடியாக வாங்கும் மொத்த பாஸ் வேண்டாம், தனித்தனி டிக்கெட்டே போதும். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டுக்கும் இந்தியர்களுக்கு ஆன்லைனில் தலைக்கு 35 ரூபாய், கவுன்டரில் 40. தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குக் கீழ் இலவசம். பாஸில் பிள்ளைகளுக்கும் காசு வாங்கினால் அது வெட்டிச் செலவுதானே?

வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் கூட வந்தால் கணக்கு வேறு. அவர்களுக்கு ஒரு இடத்துக்கே 500 ரூபாய்க்கு மேல் ஆகும். பாஸ் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமுண்டு. இலங்கையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் இந்தியக் கட்டணம்தான், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பாஸில் எனக்குப் பிடிக்காதது, குறிப்பிட்ட நாட்களுக்குள் ஓடி முடிக்க வேண்டியிருப்பது. திங்கட்கிழமை செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் மூடியிருக்கும். பாஸில் ஒரு நாள் அப்படியே போய்விடும். அன்றைக்குக் குதுப் மினார் போங்கள். வயதானவர்களை வெயிலில் வரிசையில் நிறுத்தாமல், முதல் நாள் இரவே போனில் டிக்கெட் எடுத்துவிடுங்கள், வாசலில் க்யூஆர் கோடைக் காட்டினால் போதும். அப்புறம், பாஸ் வாங்கியே தீர வேண்டுமென்றால் மெட்ரோவின் சுற்றுலா அட்டை வாங்கலாம். ஒரு நாள் அல்லது மூன்று நாள், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.