கீசர் வால்வு மாற்ற 2,183 ரூபாய்: எது நியாயம், எது இல்லை?

கேள்வி: எங்கள் வீட்டு 25 லிட்டர் கீசரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. அப்பார்ட்மென்ட் சூப்பர்வைசர் ஒரு பிளம்பரை அனுப்பினார். 20 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: சேஃப்டி வால்வு 650, ஹோஸ் இரண்டு 600, லேபர் 600, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 333, மொத்தம் 2,183 ரூபாய். 20 நிமிட வேலைக்கு 600 ரூபாய் கூலியா? நான் ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஏமாந்திருக்கிறீர்கள், மேடம். ஆனால் அந்தச் சீட்டில் ஓரளவு நேர்மையாக இருப்பது நீங்கள் சந்தேகப்படும் 600 ரூபாய்தான்.

பெங்களூரு டிராஃபிக்கில் ஒரு பிளம்பர் நாளொன்றுக்கு மூன்று வீடு பார்க்கலாம், மிஞ்சிப்போனால் நான்கு. பெட்ரோல், கருவிகளின் தேய்மானம், போய்ப் பார்த்தும் வேலை கிடைக்காத வீடு, திரும்ப ஒழுகினால் சும்மா வந்து சரிசெய்வது எல்லாம் அவர் தலையில்தான். நாள் முடிவில் 2,000 ரூபாயாவது நிற்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டால், வீட்டுக்கு 500 முதல் 670 வரை வந்துவிடும். அதை நிமிடத்தால் வகுப்பதில் அர்த்தமில்லை. கீசரின் தண்ணீர் உள்ளே போகும் நிப்பிள், டேங்கோடு வெல்டு செய்யப்பட்டது. ஒரு ரெஞ்சால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ரெஞ்சால் வால்வைத் திருக வேண்டும். கை பழகாதவர் ஒரே ரெஞ்சால் முறுக்கினால் வெல்டு விட்டுவிடும், டேங்கே போச்சு. 20 நிமிடத்தில் சேதமில்லாமல் முடித்ததற்குத்தான் அந்தக் காசு.

லேபரில் பேரம் பேசி 200 குறைத்தீர்கள் என்றால், அந்த 200 சத்தமில்லாமல் மெட்டீரியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

வால்வு இருப்பது குளிர்ந்த நீர் வரும் பக்கத்தில். அதை மாற்ற அந்தப் பக்கத்து ஹோஸ் ஒன்றைக் கழற்றினால் போதும். சுடுநீர்ப் பக்கத்து ஹோஸ் துருப்பிடித்திருந்தால் ஒழிய அதைத் தொடவே வேண்டியதில்லை. இரண்டு ஹோஸ் எதற்கு? பழையவற்றைக் கேட்டு வாங்கினீர்களா? கழற்றியது எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். புது வால்வு வந்த அட்டைப்பெட்டியையும் கேளுங்கள், அதில் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பிளம்பருக்குக் கடையில் அதற்கும் குறைவாகத்தான் கிடைக்கும்.

வால்வையே மாற்ற வேண்டியிருந்ததா என்பதும் கேள்விதான். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 400 மில்லி அளவு கூடும். நான்-ரிட்டர்ன் அமைப்பு இருப்பதால் அது பின்னால் போக முடியாது, சேஃப்டி வால்வு வழியாகத்தான் சொட்டும். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, அணைத்த பிறகு நின்றுவிட்டால் அது பழுதல்ல, வால்வு தன் வேலையைச் செய்கிறது. அணைத்து மணிக்கணக்கான பிறகும் சொட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். போர் தண்ணீரின் உப்பு வால்வின் வாயில் படிந்திருக்கும், அல்லது பிரஷர் பம்ப் அழுத்தம் அதிகமாக இருக்கும். சிலர் "சொட்டக் கூடாது, அவ்வளவுதானே" என்று வால்வில் தண்ணீர் சொட்டும் அந்த மூக்கை அடைத்துவிட்டுப் போவார்கள். அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகும் அன்று டேங்கே வெடிக்கலாம்.

இப்போது சூப்பர்வைசர். பல அப்பார்ட்மென்ட்களில் அவர் அனுப்பும் ஆளுக்கு மட்டும்தான் கேட் திறக்கும். அந்த ஆளின் பில்லில் அவருக்குக் கட்டிங் உண்டு. லேபர் தொகை எல்லோர் கண்ணிலும் படும் என்பதால், கட்டிங் வால்விலும் ஹோஸிலும்தான் ஏறும். வாங்கிய பொருளுக்கு ஏற்பக் கமிஷன் தரும் ஹார்டுவேர் கடைகளும் இருக்கின்றன. மாதாமாதம் மெயின்டெனன்ஸ் பணம் வாங்கும் சங்கம், பத்துப் பதினைந்து சில்லறை வேலைகளுக்கு லேபர் ரேட் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். ஏன் ஒட்டுவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கீசர் கம்பெனிகளும் அப்படித்தான். தெர்மோஸ்டாட் என்ன விலை, எலிமென்ட் என்ன விலை என்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி போட்டால் என்ன குறைந்துவிடும்? கம்பெனி ஆளைக் கூப்பிடுவதென்றால் வாரண்டி அட்டையில் உள்ள எண்ணுக்கே பேசுங்கள். இணையத்தில் தேடி முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண் போலியாக இருப்பது சகஜம். முன்பணம் கேட்டாலோ, ஏதாவது ஆப்பை டவுன்லோடு செய்யச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை ஆள் வருவதற்கு முன்பே கீசர் லேபிளையும் ஒழுகும் இடத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். விசிட்டிங் சார்ஜ் எவ்வளவு, வேலை செய்தால் அது லேபரில் கழியுமா, லேபர் மொத்தம் எவ்வளவு, திரும்ப ஒழுகினால் எத்தனை நாளுக்குள் இலவசமாகப் பார்ப்பீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொருளைக் கடை பில்லோடு நீங்களே வாங்கித் தருவதாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான வேலைகளுக்கு இப்படி மொத்த லேபர் பேசுவதே நல்லது.

சுவருக்குள் ஒழுகும் பைப் மட்டும் விலக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மொத்தத் தொகை சொல்பவர், மோசமான நிலையை நினைத்து உங்கள் தலையில் ஏற்றுவார், அல்லது குறைத்துச் சொல்லி டைல் உடைத்த பிறகு கூட்டுவார். அதனால் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனி, உடைப்பதற்கு டைல் கணக்கில் தனி, ஜாயின்ட் போடுவதற்குத் தனி, கொத்தனாருக்குத் தனி என்று பிரித்தே பேசுங்கள். அதற்கும் முன்னால் நீங்களே ஒன்று செய்யலாம். பாத்ரூமுக்கு வரும் வால்வை இரண்டு நாள் மூடி வையுங்கள், அங்கே குளிக்கவும் வேண்டாம். ஈரம் காய ஆரம்பித்தால், வால்வைத் திறந்துவிட்டு, குழாய்களைத் தொடாமல், குளிக்காமல் இன்னும் இரண்டு நாள் பாருங்கள். ஈரம் திரும்பினால் ஒழுகுவது பிரஷர் லைன், அதாவது குழாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப். அப்போது திரும்பாமல், குளித்த பிறகு மட்டும் ஈரம் ஏறினால் டைல் இடுக்கோ கழிவுநீர் பைப்போதான், சுவரை உடைக்க அவசரப்பட வேண்டியதில்லை. பிரஷர் லைன் என்றால் கீசருக்குப் போகும் வால்வை மட்டும் மூடிப் பாருங்கள். ஈரம் குறைந்தால் சுடுநீர் லைன். கடைசியாகக் கையால் அழுத்தும் பம்ப் வைத்து பைப்பில் அழுத்தம் ஏற்றி பிரஷர் டெஸ்ட் செய்து, மீட்டர் முள் இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே சுத்தியலை எடுக்க விடுங்கள். இதையெல்லாம் செய்யாமல் "மொத்த பாத்ரூமுக்கும் வாட்டர் ப்ரூஃபிங் போட்டுவிடலாம்" என்று ஆரம்பிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மிச்சம் அந்த 333 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் உங்களிடம் வரி வசூலிக்கவே முடியாது. பதிவு உள்ளவரின் பில்லில் 15 இலக்க எண் இருக்கும், கர்நாடகப் பதிவென்றால் 29 என்று தொடங்கும். அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பெயர் வந்துவிடும். துண்டுச் சீட்டில் எண் இல்லையென்றால், சூப்பர்வைசர் வழியாகப் போகாமல் பிளம்பருக்கே போன் செய்து, எண்ணோடு பில் கொடுங்கள், இல்லையென்றால் 333 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேளுங்கள். அதே போனில் இரண்டாவது ஹோஸ் எதற்கு என்றும் கேட்டுவிடுங்கள்.