ஏ டீமும் பி டீமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம் பொன்விழா மலர் வெளியிட இருக்கிறது. முதல் அணி வென்ற கோப்பைகளைப் பற்றி எழுதி முடித்துவிட்டோம். ‘பி டீம்’ என்று நாங்கள் சொல்லும் இரண்டாம் அணியைப் பற்றியும் எழுத வேண்டும் என்றேன். “ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன வரலாறு?” என்று மலர்க்குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார். கழகத்தின் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படியெடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் அணி என்ற வழக்கம் எப்படி வந்தது? அதைத் தனி அத்தியாயமாக எழுதலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ரிசர்வ் அணிகள் எனப்படும் இரண்டாம் அணிகள் உருவான காலத்தில் கோட்டுக்கு வெளியே யாரையும் உட்கார வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு ஆளை மாற்ற விதி இடம் தரவில்லை. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில், காயம்பட்டவருக்குப் பதிலாக ஒரே ஒருவரை இறக்கலாம் என்ற அனுமதி 1965-66 பருவத்தில்தான் வந்தது. 1965 ஆகஸ்ட் 21 அன்று போல்ட்டனுக்கு எதிராகச் சார்ல்டன் அணியின் கீத் பீகாக் இறங்கியதே அங்கு முதல் மாற்று. உலகக் கோப்பையில் இந்த வசதி 1970-இல்தான் வந்தது.

அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1957-ஆம் ஆண்டு இறுதியாட்டமே சான்று. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது. கழகத்தில் வேறு கோல்கீப்பர் இருந்தும் பயனில்லை. தடுப்பாட்டக்காரர் ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர்தான் கோல் கம்பத்துக்குக் கீழே போய் நிற்க வேண்டியிருந்தது. ஆஸ்டன் வில்லா 2-1 என்று வென்றது.

ஆகவே, இருபது இருபத்தைந்து பேரை வைத்திருக்கும் கழகத்துக்கு, பதினொருவர் போக மீதிப் பேரை எப்படி ஆட்டத்திலேயே வைத்திருப்பது என்பதுதான் பிரச்சினை. பயிற்சி மட்டும் போதாது. எதிரே ஓர் அணி வேண்டும், நடுவர் வேண்டும், தோற்றால் வலிக்க வேண்டும். அதனால் இரண்டாம் பதினொருவரை முழு அணியாகவே போட்டிக்கு அனுப்பினார்கள். வட இங்கிலாந்தில் லங்காஷயர் காம்பினேஷன் போன்ற வட்டாரப் போட்டிகளில் ஆடிவந்த இத்தகைய அணிகள், 1911-இல் தொடங்கிய சென்ட்ரல் லீக்கில் ஒன்றுகூடின. முதல் அணி வெளியூரில் ஆடும் சனிக்கிழமையன்று உள்ளூர் மைதானத்தில் ஆடியது பெரும்பாலும் இரண்டாம் அணிதான். ஆக, அவர்கள் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். அதே நாளில் வேறு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய பக்கத்துக்கு வருகிறேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘ஏ’, வலப்பக்கம் ‘பி’. வலப்பக்கத்தில் ஆறாவதாக உள்ள பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, இடப்பக்கத்தின் கடைசியில் மையால் எழுதியிருக்கிறார்கள். அங்கே முன்பிருந்த பெயருக்கு நேரே ‘கணுக்கால்’ என்று ஒரே சொல். கீழே பஸ் கட்டணமும், பந்துக்கு பிளாடர் (உள்ளிருக்கும் காற்றுப்பை) மாற்றிய செலவும். உங்கள் மலருக்கு இந்தப் பென்சில் கோட்டைவிட நல்ல செய்தி வேறு கிடைக்காது என்பது என் எண்ணம். ஒரு கணுக்கால் பிசகியதில் ஒருவர் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறார். காயம்பட்டவர் குணமானதும் இவர் ‘பி’க்குத் திரும்பினாரா, ‘ஏ’யிலேயே நிலைத்துவிட்டாரா என்பதை அடுத்தடுத்த பக்கங்களில் பாருங்கள்.

இதே போக்குவரத்து மிகப் பெரிய அளவில், மிகத் துயரமான சூழலில், 1958-இல் நடந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நேர்ந்த விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். பதின்மூன்று நாள் கழித்து ஷெஃபீல்டு வெட்னஸ்டேயுடன் ஆட வேண்டியிருந்தபோது, யார் ஆடுவார் என்றே தெரியாததால் ஆட்டநிரலில் யுனைடெட் பெயர்களுக்கான இடங்களை வெறுமையாக அச்சிட்டார்கள். அதுவரை முதல் அணிக்கு ஒரு தடவைகூட ஆடியிராத ஷே பிரென்னன், தமக்குப் பழக்கமில்லாத இடது ஓர முன்களத்தில் நின்று இரண்டு கோல் போட்டார்; யுனைடெட் 3-0 என்று வென்றது. பத்தாண்டு கழித்து 1968-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

எனவே தனி அத்தியாயம் வேண்டாம் என்பேன். தனியே எழுதினால் அது கல்யாண விருந்தின் இரண்டாம் பந்தி போல் ஆகிவிடும். முதல் பந்தி எழுந்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள். நகரத்தார் கடைக் கணக்கில் நாள்வழியில் எழுதியது பேரேட்டில் அவரவர் பெயரின் கீழ் ஏறுவதுபோல, ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயரின் கீழும் அவர் ‘பி’யில் எப்போது ஆடினார், ‘ஏ’க்கு எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று எழுதுங்கள், இரண்டு அணிகளின் வரலாறும் ஒன்றாகவே வந்துவிடும்.

கேள்வி: இரண்டாம் அணி நன்றாக ஆடி முதல் அணி இருக்கும் பிரிவுக்கே உயர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உயர விடமாட்டார்கள். ஸ்பெயினில் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டில்யா 1983-84 பருவத்தில் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றும், முதல் அணி மேலே இருந்ததால் கீழேயே நின்றது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1980-இல், அந்த அணி முதல் பிரிவு அணிகள் நான்கை வீழ்த்தி ஸ்பானியக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டியது. எதிரே நின்றது சொந்த ரியல் மாட்ரிட்! 6-1 என்று தோற்றாலும், முதல் அணி லீக்கையும் வென்றிருந்ததால் கோப்பை வென்ற அணிக்கு உரிய ஐரோப்பியப் போட்டி இடம் காஸ்டில்யாவுக்குக் கிடைத்தது. பின்னர் இரண்டாம் அணிகள் ஸ்பானியக் கோப்பையில் ஆடவே தடை வந்துவிட்டது. நம் நாட்டிலும் சென்னையின் எஃப்சி உள்ளிட்ட ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கழகங்களின் ரிசர்வ் அணிகள், ஐ-லீக் என்ற மற்றோர் இந்தியப் போட்டியின் இரண்டாம் பிரிவில் ஆடியபோது, மேலே ஏறும் உரிமை அவற்றுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் கழகத்தில் நோட்டு எதுவும் இல்லை. புகைப்படங்கள் மட்டுமே உள்ளன. போதுமா?
— ஒரு வாசகர், புதுவயல்

பதில்: தொடங்கப் போதும். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து உருவங்களைக் கோட்டால் வரைந்து எண்ணிடுங்கள். பிறகு அந்தத் தாளை மூத்தவர்களிடம் தனித்தனியே காட்டிப் பெயர் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசுபவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். படத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் சாதாரணச் சட்டையுடன் நிற்பவர்களை விட்டுவிடாதீர்கள். அன்றைய இரண்டாம் அணியினரில் சிலர் அங்கேதான் நிற்கக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்ட பழைய ஆட்டக்காரர்களுக்கும் ஒரு படி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அச்சகத்துக்குக் கொடுக்காமல் பொறுத்திருங்கள்.