பனிக்கால ஜக்கெற்றுக்கு வன்னியில் என்ன வேலை?

கேள்வி: அக்கா, கனடாவிலிருந்து எங்கள் மாதர் சங்கத்துக்குப் பெட்டி பெட்டியாக உடுப்பு வந்திருக்கிறது. பாதிக்கு மேல் தடித்த பனிக்கால ஜக்கெற்றுகளும் கம்பளிச் சுவெட்டர்களும்தான். இந்த வெயிலில் யார் போடுவார்கள்? கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது, எறியவும் மனம் வரவில்லை.
- சங்கச் செயலாளர், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, கத்தரிக்கோலை எடுக்க முதல் வயல் பக்கம் ஒருதடவை போய் வாருங்கள். காலபோக நெல் முற்றும் தை மாதத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரணில் விடிய விடிய இருப்பவருக்கும், இருட்டோடு மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஏ9 வீதியில் போகும் வியாபாரிக்கும் அந்த ஜக்கெற் அப்படியே வேண்டும். அவர்களிடம் கொடுக்க என்ன கூச்சம்?

மிஞ்சுவதைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது செயற்கைப் பஞ்சா, வாத்து இறகா என்று முதலில் அழுத்திப் பாருங்கள். விரலில் முள் போலக் குத்தினால் இறகு. முற்றத்தில் வைத்துப் பிரித்தீர்களோ, பக்கத்து வீட்டுக் கறிச்சட்டி வரை பறக்கும். நுளம்பு வலையைக் கட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வலைக்குள் இருந்து பிரியுங்கள். திரும்ப அடைக்க நெருக்கமாக நெய்த துணி தேவை. அதே ஜக்கெற்றின் உட்துணி போதும். செயற்கைப் பஞ்சு என்றால் இவ்வளவு பாடு இல்லை. துவைத்துக் காயவைத்தால் தலையணைக்கு ஆகும். கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம், மெத்தென்ற தலையணை மூச்சை அடைத்துவிடும்.

வெளித்துணியில், குறுக்குத் தையல் ஓடாத முதுகுப் பக்கத்தை வெட்டி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாடசாலைப் பைக்கு நல்ல உறை. தையல் ஓடிய துண்டு ஊசித் துளை வழியே ஒழுகும். சிப்புகளைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், கடையில் காசு கொடுத்து வாங்குகிற சாமான் அது.

சுவெட்டர் அசல் கம்பளியா என்று கழுத்துச் சீட்டைப் பாருங்கள். அசல் என்றால் சுடுநீரில் சவர்க்காரம் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடிக்கும். வெட்டினாலும் இழை பிரியாது. அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணிக்கு அதுதான் சரி. ஜக்கெற் துணியிலோ செயற்கைப் பஞ்சிலோ பிடிதுணி தைத்துவிடாதீர்கள். சூட்டில் உருகிக் கையோடு ஒட்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பிரித்துத் தைக்கும் பெண்களுக்குக் கூலி வைத்திருக்கிறீர்களா? அவர்களும் அதே கஷ்டப்பட்ட குடும்பங்கள்தானே! தலையணையும் பை உறையும் விற்கிற காசில் முதல் பங்கு அவர்களுக்கு. அனுப்பியவர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்: அடுத்த முறை பருத்தித் துணியும் தையல் நூலும் அனுப்பட்டும்.

கேள்வி: எங்களுக்கு ஒரு பெட்டி நிறைய, ஆண்கள் சட்டையோடு கட்டும் கழுத்துப்பட்டிகள் வந்தன. சிரிக்காதீர்கள்.
- வாசகி, முல்லைத்தீவு

பதில்: சிரித்துவிட்டேன். ஆனால் கழுத்துப்பட்டியைச் சரிவாக வெட்டித் தைப்பதுதான் வழக்கம். அதனால் துணி வளைந்து கொடுக்கும். பிரித்து, ஒன்றரை அங்குல நாடாக்களாக வெட்டினால் சட்டைக் கழுத்துக்கும் கை விளிம்புக்கும் பட்டி கட்டலாம். பட்டுத் துணி என்றால் அயன் பெட்டியின் சூட்டைக் குறைத்து வையுங்கள்.